ஆறு ஒன்று, மாநிலம் இரண்டு: குமரி எல்லையில் நீரைக் காக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடையல், அருமனை, களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்திலும், எல்லைக்கு அப்புறம் கேரளத்தில் அம்பூரி, வெள்ளறடை, பாறசாலை பக்கத்திலும் ஆற்றுக்காகப் பேச முன்வருகிறவர்களுக்காக எழுதியது. சட்டப்பிரிவுகள், அளவுகள், கெடு நாட்கள் எல்லாம் அந்தந்தக் கேள்வியிலேயே இருக்கின்றன.

கேள்வி: இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான நீர் என்று எதைச் சொல்கிறீர்கள்?

அகத்தியமலையிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே பிறக்கிற நெய்யாறு 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாரில் கடலில் சேர்கிறது. அதே மலைத்தொடரிலிருந்து இறங்கும் கோதையாறு பேச்சிப்பாறை அணையில் தேங்கி, திருவட்டாறு அருகே மூவாற்றுமுகத்தில் பரளியாற்றோடு கலந்து, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலைத் தொடுகிறது. பூவாரையும் தேங்காப்பட்டணத்தையும் கரையோரமாக இணைப்பது 1860-இல் வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய், நம் பேச்சில் ஏ.வி.எம். கால்வாய். இன்று அதன் பல இடங்களில் குப்பையும் ஆக்கிரமிப்பும்தான் கண்ணில் படும்.

மேலே காடும் ஒன்றுதான். அந்தப் பக்கம் 128 சதுர கிலோமீட்டர் நெய்யாறு சரணாலயம், இந்தப் பக்கம் 402 சதுர கிலோமீட்டர் கன்னியாகுமரி சரணாலயம். இரண்டையும் சேர்த்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001-இல் அறிவிக்கப்பட்டு, 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. 1956 நவம்பர் 1 அன்று எல்லைக்கோடு மாறியது. மழை இறங்கும் வழி மாறவில்லை.

கேள்வி: நெய்யாறு இடதுகரைச் சானலில் (கேரளத்திலிருந்து குமரிக்கு நீர் கொண்டுவந்த கால்வாய்) தண்ணீர் வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அதைப் பேசாமல் மாசைப் பற்றிப் பேசுவது சரியா?

வருத்தம் நியாயமானது. திருவிதாங்கூர்-கொச்சி காலத்தில் திட்டமிட்டபோதே விளவங்கோடு வட்டத்தில் 9,200 ஏக்கருக்கு அந்தச் சானல் தண்ணீர் என்று கணக்கு. 2004-இல் வரத்து நின்றது. நெய்யாறு மாநிலங்களுக்கு இடையேயான ஆறே அல்ல என்பது கேரள அரசின் நிலைப்பாடு. தமிழ்நாடு 2012-இல் உச்ச நீதிமன்றம் போனது.

ஆனால் பங்கீடு வேறு, பாதுகாப்பு வேறு. இரண்டையும் ஒரே மனுவில், ஒரே பத்திரிகைக் குறிப்பில் சேர்க்காதீர்கள் என்பதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம். பங்கீடு அரசுக்கும் அரசுக்கும் நடக்கிற வழக்கு. அதில் குடிமகனின் மனுவுக்கு இடம் மிகக் குறைவு. மாசு, மணல், குவாரி, காடு ஆகியவற்றில் தனி ஒருவரே மனுதாரராக நிற்கலாம். இரண்டையும் கலந்தால் என்ன ஆகும்? பூவாரில் குடிநீருக்காகக் கவலைப்படுகிற மீனவர் உங்களைத் 'தண்ணீர் கேட்க வந்த தமிழ்நாட்டுக்காரர்' என்று பார்க்கத் தொடங்குவார். மறுநாள் மலையாளப் பத்திரிகையில் உங்கள் மாசுச் செய்தி எல்லைத் தகராறுச் செய்தியாகிவிடும். சானலுக்காகப் போராடுங்கள், ஆனால் அதற்குத் தனிக் குழு, தனித் தாள், தனி மேடை வையுங்கள்.

கேள்வி: புகாரை எங்கே கொடுப்பது?

மாசு எந்த மண்ணில் உண்டாகிறதோ அந்த மாநிலத்தின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. பாதிப்பு எந்த மண்ணில் தெரிகிறதோ அந்த மாநில வாரியத்துக்கு நகல். 'எங்கள் எல்லைக்குள் இல்லை' என்ற பதில் இரண்டு பக்கமிருந்தும் வரும் என்பதால்தான் முதல் நாளே இரண்டு பேருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பச் சொல்கிறோம். பதிவு செய்த விரைவுத் தபாலில், ஒப்புகையோடு. மின்னஞ்சல் மட்டும் போதாது.

நீதிமன்றத்திலும் இதே சிக்கல் உண்டு. குமரிக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருவனந்தபுரத்துக்கு எர்ணாகுளம். இரண்டு மாநிலத்தையும் ஒரே மேசையில் உட்கார வைக்கக்கூடிய இடம், நம் தூரத்துக்குள், சென்னையில் இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுதான்.

கேள்வி: கேரள அலுவலகத்திடம் குமரியிலிருந்து தகவல் உரிமை மனு போடலாமா?

தாராளமாக. இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டு கோர்ட் ஃபீ ஸ்டாம்பை ஒட்டி அனுப்பினால் அங்கே செல்லாது, இதில் நிறையப் பேர் ஒரு மாதத்தைத் தொலைக்கிறார்கள். பாறசாலைப் பக்கம் போகும்போது கேரள ஸ்டாம்பு வாங்கி வாருங்கள், அல்லது கேரள அரசின் இணையவழித் தளத்தைப் பயன்படுத்துங்கள். பதிலுக்கு 30 நாள், முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாள்.

'ஏன் நடவடிக்கை இல்லை?' என்று கேட்காதீர்கள். 'ஏன்' என்பது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ஆவணம் கேளுங்கள்: 'ஜனவரி முதல் இன்று வரை நெய்யாற்றில் எடுத்த நீர் மாதிரிகளின் பரிசோதனை அறிக்கை நகல்', 'இந்தச் சர்வே எண்ணில் உள்ள ஆலைக்குக் கொடுத்த இயக்க இசைவாணை நகல்'. இரண்டு மாநிலத்திலும் ஒரே மாதங்களுக்கு, ஒரே கேள்வி. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அப்போதுதான் முடியும்.

கேள்வி: நீர் மாதிரி எடுப்பதில் என்ன தவறு நடக்கிறது?

பெரும்பாலும் நேரத்தில். நண்பகலில் எடுப்பார்கள். பாசி இருக்கிற நீரில் வெயில் ஏற ஏறக் கரைந்த ஆக்சிஜன் கூடிக்கொண்டே போகும், அறிக்கையில் ஆறு நன்றாக இருப்பதுபோல் வரும். இரவு முழுக்க உயிர்கள் சுவாசித்து ஆக்சிஜன் மிகக் குறைந்திருப்பது விடியலுக்குச் சற்று முன். மீன்கள் வாயைத் திறந்தபடி கடவோரம் (ஆற்றில் இறங்கும் துறையோரம்) மேலே வருவதும் அப்போதுதான். ஆகவே காலை 5 முதல் 6 மணிக்குள் எடுங்கள், அன்று மதியம் ஒன்று எடுத்து ஒப்பிடுங்கள்.

இடம் மூன்று வேண்டும்: கழிவு சேருமிடத்துக்கு மேலே, சேருமிடத்தில், கீழே. கரையோரத் தேக்கத்தில் மொள்ளாமல், ஓட்டமுள்ள இடத்தில், மேற்பரப்பிலிருந்து ஒரு சாண் ஆழத்தில், வாயை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து நிரப்புங்கள். ஆக்சிஜனுக்கான 300 மில்லி கண்ணாடிப் புட்டியில் ஒரு காற்றுக் குமிழிகூட நிற்கக்கூடாது. அதை அங்கேயே மாங்கனஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட்டு நிலைப்படுத்த வேண்டும். ஆய்வகம் வரை அப்படியே கொண்டுபோனால் அந்த எண் பொய். கிருமிப் பரிசோதனைக்குத் தனியாகக் கிருமிநீக்கிய புட்டி. எல்லாம் ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில், கிருமிப் புட்டி முடிந்தால் ஆறேழு மணி நேரத்துக்குள், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் போய்ச்சேர வேண்டும். பூவார், தேங்காப்பட்டணம், ஏ.வி.எம். கால்வாயில் எடுத்தால் அப்போது கடல் ஏற்றமா வற்றமா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். ஏற்றத்தில் கடல்நீர் கலந்து மாசு மெலிந்து தெரியும்.

ஒப்பிட வேண்டிய அளவுகள் இவை. குளிக்கத் தகுந்த நீருக்குக் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. பி.ஓ.டி., அதாவது நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 6.5 முதல் 8.5 வரை. மலம் கலந்ததைக் காட்டும் கிருமியான மலக் கோலிஃபார்ம் 100 மில்லியில் 500-க்குள் இருப்பது நல்லது, உச்சவரம்பு 2,500.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். நீர்ச் சட்டம் 1974, பிரிவு 21-இன்படி வாரிய அதிகாரி முறைப்படி எடுத்து முத்திரையிட்ட மாதிரிதான் குற்ற வழக்கில் சாட்சியம். உங்கள் மாதிரியின் வேலை, அந்த அதிகாரியைக் கடவுக்கு வரவைப்பது.

கேள்வி: மேல்பகுதி ஓடைகளில் வெள்ளைப் படலமும் நாற்றமும் வருகிறதே, அது என்ன?

அனேகமாக ரப்பர் ஷீட் அடிக்கிற இடத்துக் கழிவுநீர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். ரப்பர் பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றி பி.எச்.-ஐ 5-ஐ ஒட்டிக் கொண்டுவருகிறார்கள். ஷீட்டை எடுத்தபின் மிஞ்சும் நீரில் சர்க்கரையும் புரதமும் ஏராளம். ஓடைக்குப் போனதும் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கி ஆக்சிஜனைக் காலி செய்கின்றன. ஃபார்மிக் ஆசிட்டுக்குப் பதில் விலை குறைந்த கந்தக ஆசிட் பயன்படுத்தினால் நிலைமை இன்னும் மோசம்: ஆக்சிஜன் இல்லாத குழியில் சல்பேட் ஹைட்ரஜன் சல்பைடாக மாறும், அழுகிய முட்டை நாற்றம் அதுதான். ஓடைக் கல்லைப் புரட்டிப் பாருங்கள், அடிப்பக்கம் மை பூசியதுபோல் கறுத்திருந்தால் இந்தக் கழிவு நெடுநாளாக வருகிறது என்று பொருள்.

இங்கே சிறு விவசாயியைக் குற்றவாளியாக்குவது பயன்படாது. கோட்டயத்திலுள்ள ரப்பர் வாரியம் மத்திய அமைப்பு, இரண்டு மாநில விவசாயிக்கும் பொது. ஷீட் கழிவிலிருந்து சாண எரிவாயு போலவே எரிவாயு எடுக்கும் கலனையும், பலர் சேர்ந்து ஒரே இடத்தில் ஷீட் அடிக்கும் முறையையும் அது ஊக்குவித்து வந்திருக்கிறது. எல்லையின் இருபுறத்து ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்களும் கையெழுத்திட்ட ஒரு கோரிக்கை, பத்துப் புகாரைவிட விரைவாக வேலை செய்யும்.

கேள்வி: இரவில் கழிவு லாரி வந்து ஓடைக்கரையில் தட்டிவிட்டுப் போகிறது. என்ன செய்வது?

துரத்தாதீர்கள். வண்டி எண், நேரம், தார்ப்பாயிலிருந்து நீர் வடிகிறதா, எந்தப் பக்கம் திரும்பியது, இவற்றைக் குறித்துக்கொண்டு 112-க்கு அழையுங்கள். விடிந்ததும் கழிவைக் கையால் தொடாமல் படமெடுங்கள். மருத்துவக் கழிவு என்றால் மஞ்சள், சிவப்புப் பைகளில் ஒட்டிய பார்கோடைத் தேடுங்கள். 2016 விதிகளின்படி ஒவ்வொரு பைக்கும் அது இருக்க வேண்டும், அனுப்பிய இடத்தை அதுவே காட்டிக்கொடுக்கும். பார்கோடு இல்லாவிட்டால் பில், மருந்துச் சீட்டு, உறை எதிலாவது முகவரி இருக்கும். நோயாளியின் பெயர் தெரிந்தால் பத்திரிகைக்குக் கொடுக்கும் பிரதியில் மறைத்துவிடுங்கள், காவல் நிலையத்துக்குக் கொடுப்பதில் மறைக்க வேண்டாம்.

இந்த வழி பலித்ததற்குச் சான்று உண்டு. 2024 டிசம்பரில் நெல்லை மாவட்டத்தில் கொட்டப்பட்ட கேரள மருத்துவக் கழிவைக் கேரளமே திரும்ப எடுத்துப்போக வேண்டும் என்று தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. லாரிகளில் அள்ளிக்கொண்டு போனார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொண்டுவருகிறவர் அந்தப் பக்கத்துக்காரர் என்றால், இடம் கொடுக்கிறவர் நம் பக்கத்துக்காரர். உணவுக் கழிவை வாங்குகிற அனுமதியில்லாத பன்றிப் பண்ணைகள் எல்லையோரம் நம் மண்ணில்தான் இருக்கின்றன. அதைச் சொல்லாத பத்திரிகைக் குறிப்பை மலையாள நிருபர் நம்பமாட்டார், நம்பவும் கூடாது.

கேள்வி: பத்திரிகைக்கு எப்படி எழுதுவது? தமிழில் எழுதியதையே மலையாளத்தில் மாற்றினால் போதாதா?

போதாது. தமிழ் வாசகருக்குக் குழித்துறை ஆறு வீட்டு வாசல். நெய்யாற்றின்கரை வாசகருக்கு அது பக்கத்து மாவட்டம். மலையாளக் குறிப்பின் முதல் வரியில் பூவாரோ, நெய்யாற்றுக் குடிநீரோ, ஏ.வி.எம். கால்வாயோ இருக்க வேண்டும். தமிழ்க் குறிப்பின் முதல் வரியில் நம் கடவும் ஏலாவும் (வயல்வெளியும்). எண்களும் தேதியும் மட்டும் இரண்டிலும் இம்மியும் மாறக்கூடாது. மாறினால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும்.

சொற்களில் கவனம் வேண்டும். மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் தண்ணீர். நம் ஊரிலும் குடிக்க வெள்ளம் கேட்பவர்கள் உண்டு, ஆனால் சென்னையில் செய்தியைத் திருத்துகிறவருக்கு அது பெருவெள்ளம். 'நெய்யாற்றில் வெள்ளம் கெட்டது' என்ற வரி தலைப்பாகும்போது என்னவாக மாறும் என்று யோசித்துப் பாருங்கள். தமிழ்க் குறிப்பில் 'ஆற்று நீர்' என்றே எழுதுங்கள். நாம் நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதை அங்கே பொதுவாக நீர்த்தடம் என்பார்கள், கழிவுக்கு மாலின்யம், சுற்றுச்சூழலுக்குப் பரிஸ்திதி. குறிப்பை அனுப்புமுன் தாய்மொழியாக மலையாளம் எழுதுகிற ஒருவர் பார்த்தே ஆக வேண்டும்.

அளவு ஒரே பக்கம், 250 முதல் 300 சொல். முதல் பத்தியில் என்ன, எங்கே, எப்போது, யார் குடிக்கிற நீர். இரண்டாம் பத்தியில் ஒரே ஒரு அளவு, அதன் வரம்போடு: 'பி.ஓ.டி. இவ்வளவு, இருக்க வேண்டியது 3-க்குள்'. ஐந்து அளவுகளைக் கொட்டினால் ஒன்றும் அச்சாகாது. மூன்றாம் பத்தியில் எந்த அதிகாரியிடம் எந்தத் தேதியில் என்ன கேட்டோம். கடைசியில் தொடர்புக்கு இரண்டு பேர், எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். அந்த இரண்டு பெயர்தான் உங்கள் குறிப்பிலேயே கனமான வரி.

உள்ளூர்ப் பக்கத்துக்குக் காலையிலேயே கொடுங்கள், மாலை நான்கு மணிக்குப் பிறகு கொடுப்பது மறுநாளைக்கும் தேறாது. படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, எடுத்த நேரமும் இடக்குறிப்பும் அழிந்துபோகும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். மூலக் கோப்பைப் போனிலிருந்து நீக்காதீர்கள். பின்னால் நீதிமன்றத்துக்குப் போனால், பாரதிய சாட்சிய அதினியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்கீழ் அந்தக் கோப்புக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டிவரும்.

கேள்வி: செய்தி வந்தால் தீர்ப்பாயம் தானாக வழக்கு எடுக்குமா?

எடுக்கலாம். தானாக முன்வந்து விசாரிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தென்மண்டல அமர்வு நாளிதழ்ச் செய்தியை வைத்தே பல வழக்குகளைத் தொடங்கியிருக்கிறது. ஆகவே செய்தியில் இடம், தேதி, நீர்நிலையின் பெயர், பொறுப்பான துறை நான்கும் இருக்கும்படி குறிப்பை எழுதுங்கள். 'மக்கள் வேதனை' என்று மட்டும் வந்த செய்தியை வைத்து யாருக்கும் நோட்டீஸ் அனுப்ப முடியாது.

அதையே நம்பியிருக்கவும் வேண்டாம். நீங்களே தாக்கல் செய்ய நட்டஈடு கேட்காத மனுவுக்கு 1,000 ரூபாய் கட்டணம். வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். மனு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், தமிழ், மலையாள ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். எதிர்மனுதாரராக இரண்டு மாநில வாரியங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கெடு முக்கியம்: தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் பிரிவு 14-இன்கீழ், பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், போதிய காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். ஆட்சியருக்கு மனு, மறுமனு, நினைவூட்டல் என்று ஒரு வருஷம் போக்கியபின் வருகிறவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். நட்டஈட்டுக்கும் சீரமைப்புக்கும் பிரிவு 15-இல் ஐந்து வருஷம் உண்டு.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், தீர்ப்பாயம் விசாரிக்கும் சட்டங்களின் அட்டவணையில் இல்லை. சரணாலயத்துக்குள் அந்தச் சட்டத்தை மீறியதுதான் புகார் என்றால் உயர் நீதிமன்றம் போக வேண்டும்.

கேள்வி: மலையை உடைக்கும் குவாரி எல்லைக்கு அருகில் வருகிறது. தனி விதி இருக்கிறதா?

இருக்கிறது. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பொது நிபந்தனைப்படி, மாநில எல்லையிலிருந்தோ சரணாலயத்திலிருந்தோ 5 கிலோமீட்டருக்குள் வரும் 'பி' வகை (வழக்கமாக மாநில அளவில் அனுமதி பெறும்) திட்டங்களை மத்திய அளவில் பரிசீலிக்க வேண்டும். முதலில் 10 கிலோமீட்டராக இருந்ததை 2014-இல் குறைத்தார்கள். சிறு குவாரிகளுக்கு விலக்குகள் உண்டு, எனவே அனுமதிக் கடிதத்தின் நகலைப் படிக்காமல் பேசாதீர்கள். பொதுக் கருத்துக்கேட்பு நடந்தால் 30 நாள் முன்னறிவிப்பு வர வேண்டும். அடுத்த மாநிலத்துக்காரரும் எழுத்துவடிவில் கருத்து அனுப்பலாம். அனுமதி கொடுத்தாகிவிட்டால் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், போதிய காரணம் காட்டினால் இன்னும் 60 நாள்.

கேள்வி: கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டா?

உண்டு, ஆனால் குமரியில் ஒரு சிக்கல். நம் எல்லையோர ஊர்களில் பல பேரூராட்சிகள், அங்கே கிராம சபை கிடையாது, பகுதி சபைதான். உங்கள் ஊர் எது என்று முதலில் பாருங்கள். ஊராட்சி என்றால் வருஷத்துக்கு ஆறு கிராம சபை. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். நவம்பர் 1 உள்ளாட்சி நாள், குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளும் கேரளம் பிறந்த நாளும் அதுவே. கேரளத்தில் கிராம சபை வார்டு அளவில், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். ஒரே வாசகத்தை நவம்பரில் இரண்டு பக்கமும் நிறைவேற்றுங்கள். இரண்டு முத்திரையோடு வரும் தாளை எந்த நிருபரும் ஒதுக்கமாட்டார். காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளில் 2006 வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 5, நீர்ப்பிடிப்பையும் நீராதாரத்தையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே கொடுக்கிறது. அவர்களைக் கேட்காமல் அவர்கள் காட்டைப் பற்றித் தீர்மானம் எழுதக்கூடாது.

கேள்வி: செய்தி வந்துவிட்டது. அடுத்து?

வந்த அன்றே பத்திரிகையின் முழுப் பக்கத்தையும், தேதி தெரியும்படி, மூன்று பிரதி எடுத்து வையுங்கள். வெட்டி ஒட்டிய துண்டில் தேதி போய்விடும். அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனால், 15 நாள் கழித்து அந்த ஆய்வறிக்கையின் நகலைத் தகவல் உரிமையில் கேளுங்கள். ஒரு மாதம் கழித்து அதே மூன்று இடத்தில், அதே விடியல் நேரத்தில் மறுபடி மாதிரி எடுங்கள். நீர் தேறியிருந்தால் அதையும் இரண்டு மொழியிலும் செய்தியாகக் கொடுங்கள், கழிவை நிறுத்தியவரின் ஒப்புதலோடு அவர் பெயரையும் சேர்த்து. தேறாவிட்டால் ஆறு மாதக் கெடுவில் இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, மனு எழுத உட்காருங்கள்.